ஓரெழுத்து வள்ளல்

பொன்னாடை போர்த்தத் தகுந்தவர் யார் என்று என்னைக் கேட்டால், டெர்ட் மரபணுவின் வாசலில் வந்து நிற்கும் அந்தச் சின்னத் திரிபைத்தான் காட்டுவேன். அடக்கம் என்றால் அப்படி ஓர் அடக்கம்! முந்நூறு கோடி எழுத்துகளில் ஐயா மாற்றியது ஒன்றே ஒன்று: 5-ஆம் குரோமோசோமில் 'சி' இருந்த இடத்தில் ஒரு 'டி'. அதுவும் புரதம் எழுதும் பகுதியைத் தொடாமல், 124 எழுத்து தள்ளியே நின்றுகொண்டார். பிறர் சொத்தில் கைவைக்காத குணம். 146-ஆம் எழுத்தில் ஒரு தம்பியும் உண்டு, அண்ணனுக்குச் சளைத்தவரல்ல.

இவர் தயவில்லாத செல்களின் பாடு பரிதாபம். ஒவ்வொரு முறை பிரியும்போதும் குரோமோசோம் நுனியின் டெலோமியர் தேயும். ஐம்பது தடவை போலப் பிரிந்தால் ஓய்வு என்று 1961-இல் உயிரியலாளர் ஹேஃப்ளிக் கண்டார். பணி நீட்டிப்பே கிடையாத கறாரான இலாகா. டெலோமியரை நீட்டும், டெர்ட் மரபணுவின் உதவியால் உருவாகும் டெலோமரேஸ் நொதியை நம் உடற்செல்களில் பெரும்பாலானவை பூட்டி வைத்திருக்கின்றன. ஐயா பூட்டை உடைத்தாரா? சேச்சே. அந்த ஓரெழுத்தால் ஜிஏபிபி என்ற புரதம் வந்து உட்கார ஒரு திண்ணை போட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான். கதவைத் திறந்தது வந்தவர்.

சிக்கனமோ கேட்கவே வேண்டாம். எல்லா நுனிகளையும் நீட்டி ஊதாரித்தனம் செய்வதில்லை. தொடக்கத்தில், அறுந்துபோகும் நிலையில் இருக்கும் மிகக் குட்டையான டெலோமியர்களுக்கு மட்டும் ஒட்டுப்போடுகிறார் என்று 2017-இல் தெரியவந்தது. செத்துப்போகாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே.

விளம்பரப் பிரியரும் அல்லர். ஆராய்ச்சியாளர்கள் புரதப் பகுதிகளையே துழாவிக்கொண்டிருந்த காலம் முழுக்க வாசலில் சும்மா நின்றார். 2013-இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் அடையாளம் கண்டபோது, பத்துக் கட்டிகளில் ஏழு போல அவர் அல்லது தம்பி வசம் இருந்தன. தோலில் வெயில்தான் அவரைப் பெற்றது என்றால் நம்பலாம். வெயிலே எட்டாத மண்டைக்குள், கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியிலும் அவருக்கே பெரும்பான்மை! தொகுதி பேதம் பார்க்காத தலைவர்.

பட்டமும் வந்து சேர்ந்தது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் மூளைக்கட்டிகளின் வகைப்பாட்டைத் திருத்தியது. அதன்படி, பெரியவர்களுக்கு வரும், ஐடிஹெச் மரபணு மாறாத ஒருவகைப் பரவும் கட்டி நுண்ணோக்கியில் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும், இவர் உள்ளே இருந்தால் போதும்: கிளியோபிளாஸ்டோமா, 4-ஆம் நிலை. எத்தனையோ பேர் கட்டிகளைக் கொழுக்க வைத்து, சிதைத்து, ரத்தக்குழாய்களை இழுத்து வந்து பெறும் அந்த இடத்தை, ஐயா நின்ற இடத்தில் நின்றபடியே வாங்கிக்கொண்டார். ஆய்வக அறிக்கையில் அவருக்கு ஒரே ஒரு வரி. வீட்டாரிடம் மருத்துவர் அதை வாசித்துக் காட்டும்போதுதான் கொஞ்சம் நேரமாகிறது.