விரலிடுக்கில் கசியும் வெளிச்சம்

ஆச்சி வீட்டுப் பட்டாசாலையில், சுவரும் உத்தரமும் சேருமிடத்தில், கீழே நிற்பவர்களைக் குனிந்து பார்ப்பதுபோல முன்சாய்ந்து சாமிப் படங்கள் தொங்கும். லட்சுமிக்கு மட்டும் சரிகைத் துணியில் சேலை ஒட்டி ஜிகினா பதித்திருந்தார்கள். படங்களுக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டும். வெள்ளையடிக்க வருகிறவரிடம் ஆச்சி முதலில் சொல்வது, "ஏய், லெட்சுமிய அசைக்காத, குஞ்சு கெடக்கு" என்பதுதான்.

அந்த லட்சுமியும் பிரதிதான். ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பிறகு லோனாவாலா அருகே மளவ்லிக்குப் போனது. வண்ணத்துக்கு ஒரு கல்லாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சேற்றி, தைலவண்ண ஓவியம்போல மினுங்க மேலே வார்னிஷ் பூசினார்கள். அதுவரை அரண்மனைச் சுவர்களுக்கே உரியதாக இருந்த அழகு, அப்படித்தான் ஆச்சியின் வீடு வரைக்கும் வந்தது. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் பின்னாளில் சிவகாசி காலண்டரில் வந்தார்கள். வருஷம் முடிந்ததும் தேதிப் பகுதியைக் கத்தரித்துவிட்டு, படத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டுவோம். வரைந்தவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. கும்பிடுகிற படத்துக்கு அந்தக் கேள்வி தேவைப்படவும் இல்லை.

இப்போது என் வீட்டுக் கூடத்தில் கண்மட்டத்தில் ஒரே ஒரு படம். கையால் வரைந்த பிரதி. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும், விளக்கேந்திய பெண். ஒரு கையில் விளக்கு, மறு கை சுடரை மறைத்திருக்க, விரலிடுக்கில் செந்நிறமாய் ஒளி கசியும். இதே படத்தின் பிரதியை விற்பவர்கள் பலரும் இதை ரவிவர்மா ஓவியம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ரவிவர்மா 1906இல் காலமாகிவிட்டார். இது அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து எஸ்.எல். ஹல்தண்கர் வரைந்தது. விளக்கோடு நின்றவர் அவர் மகள் கீதா. 102 வயதுவரை வாழ்ந்து 2018இல் மறைந்தார். தன் முகம் இத்தனை வீடுகளில் இன்னொருவர் பெயரில் தொங்குவதை அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு மனசு கனக்கிறது.

கைபேசியில் தேடினால் மோனாலிசா முதல் வான்கோ வரை அங்குலக் கணக்கில் கிடைக்கிறது. சீனத்து ஷென்ஜென் நகரின் டாஃபென் பகுதியில் 1989 முதல் இப்படிப் பிரதி வரைவதே பெரும் தொழிலாக வளர்ந்திருக்கிறது. சுருட்டிய கான்வாஸ் குழாயில் அடைத்து வீடு தேடி வரும். எனக்கு, வரைகிற கையைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்த அண்ணன் ஒருவரிடம் விளக்கேந்திய பெண்ணை வரையக் கொடுத்தேன். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை வாரிக்கொண்டு போன பிறகு, வீட்டு மாடியில் பிரதிகள் வரைகிறார். பேனருக்குப் போட்ட அதே கட்டம்தான். சின்னப் படத்தில் கட்டம் போட்டு, கான்வாஸில் பெரிய கட்டத்துக்கு மாற்றுகிறார். அடியில் பழுப்புப் பூச்சு, அது காய்ந்தபின் சேலை, அது காய்ந்தபின் முகம். நாள்கள் ஓடும். ஆளிவிதை எண்ணெய் வாசம் மாடிப்படி வரை வரும்.

"விளக்கு சுலபம் தம்பி. விரல்தான் உயிரை வாங்குது" என்றார்.

காரணம் இருக்கிறது. மூல ஓவியம் நீர்வண்ணம். அதில் வெளிச்சம் என்பது காகிதத்தின் வெண்மை. பூசாமல் விட்டு வைப்பதால் வருவது. ஒருமுறை கை பிசகினால் திரும்ப எடுப்பது கடினம். தைலவண்ணத்தில் இருட்டை முதலில் பூசிவிட்டு வெளிச்சத்தை மேலே ஏற்ற வேண்டும். அதே படத்துக்கு நேர் எதிர்வழியில் போகிற வேலை இது. அண்ணன் அந்த விரல்களைத் துடைத்துத் துடைத்துத் திரும்ப வரைந்தார். சுண்டுவிரல் கொஞ்சம் தடித்துத்தான் இருக்கிறது. எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும். ஒருவர் இன்னொருவரின் கண்ணைப் பின்தொடர்ந்து போய் முட்டி நின்ற இடம் அது. அச்சில் அப்படி ஓர் இடமே இருக்காது.

மாட்டுவதிலும் வழக்கம் மாறிவிட்டது. தைலவண்ணத்துக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலும் நேர்வெயிலிலும் மாட்டக் கூடாது. நன்றாகக் காயாமல் வார்னிஷும் பூசக் கூடாது. அதற்கே மாதக்கணக்கில் காத்திருக்கிறோம்.

படத்தின் பின்பக்கம் பெயர் எழுதச் சொன்னபோது அண்ணன் தயங்கினார். "பேனர்லயே கம்பெனி பேருதான் போடுவோம். இது அடுத்தவர் படமாச்சே." அடுத்தவர் படம் என்பதால்தான் இரண்டு பெயரும் வேண்டும் என்று வற்புறுத்தினேன். மேலே ஹல்தண்கர், நீர்வண்ணம், ஜகன்மோகன் அரண்மனை, மைசூர் என்று எழுதினார். கீழே, பார்த்து வரைந்தவர் என்று போட்டுத் தன் முழுப்பெயரை, தகப்பனார் இனிஷியலோடு எழுதினார்.

அடுத்து ரவிவர்மாவின் ஹம்ச தமயந்தி கேட்டிருக்கிறேன். கைபேசியில் ஒவ்வொரு படத்திலும் தமயந்தியின் சேலை ஒவ்வொரு சிவப்பாக இருக்கிறது. மூலம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. நேரில் பார்த்துவிட்டு வந்துதான் தூரிகையைத் தொடுவேன் என்கிறார் அண்ணன். ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, இரண்டு பேருக்கும்.