கத்துக்குட்டியின் சுருள்

அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் ஒரு வகையினர் உண்டு. கராஜிலிருந்து காரை வெளியேற்றிவிட்டு அங்கே மாண்டலின் செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். கார் மழையில் நனையும். ஸ்ப்ரூஸ் பலகை ஈரப்பதமானியின் காவலில் சௌக்கியமாக இருக்கும். நம் கத்துக்குட்டிக்கு மரவேலை கொஞ்சம் தெரியும். புத்தக அலமாரி ஒன்று செய்திருப்பார். சுவரில் சாய்த்து வைத்தால் அது ஆடாது. வாசிக்கவும் கொஞ்சம் தெரியும்: மூன்று பாட்டு, அதில் இரண்டு கேட்க ஒன்றுபோலவே இருக்கும். இந்த இரண்டு கொஞ்சங்களையும் கூட்டினால் ஒரு வாத்தியம் வரும் என்பது அவர் கணக்கு. "கடையில் வாங்குவதில் பாதிச் செலவுதான்" என்பார். பேண்ட் சா, உளிகள், காலிபர், மரத்தை வளைக்கும் சூட்டிரும்பு, ஒரு சுவரை அடைத்துத் தொங்கும் கிளாம்புகள் எல்லாம் அந்தப் பாதியில் சேராது. அவை வேறு கணக்கு. அந்தக் கணக்கை மனைவி மட்டும் வைத்திருப்பார்.

செலவை விடுவோம், ஆசைக்குக் கணக்கு கேட்பது அநாகரிகம். என் சந்தேகம் வேறு. இவர் காதுக்காக ஒரு வாத்தியம் செய்வதாகச் சொல்கிறார். உண்மையில் கண்ணுக்காகச் செய்கிறார். நம் ஊரில் மாண்டலின் என்றதும் உ. ஸ்ரீநிவாஸின் ஐந்து தந்தி மின்சாரக் கருவிதான் நினைவுக்கு வரும். இவர் செய்வது அது இல்லை. இரண்டிரண்டாக எட்டுத் தந்தி, குடைந்த மரப்பெட்டி, ஸ்ப்ரூஸ் மேற்பலகை, மேப்பிள் அடிப்பலகை. அமெரிக்காவில் இதற்கு இரண்டு வடிவங்கள். 'ஏ' என்பது பேரிக்காய் வடிவம், எளிது. 'எஃப்' என்பதில் தோள்பக்கம் ஒரு மரச்சுருளும் விளிம்பில் கூர்முனைகளும் இருக்கும். மிச்சிகனின் கலமசூ நகரில் கிப்சன் கம்பெனிக்காக லாய்ட் லோர் 1922இல் கொண்டுவந்த எஃப்-5 தான் இந்த இரண்டாம் வடிவத்தின் உச்சம். தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் 'ஏ' செய்து பழகச் சொல்வார்கள். கத்துக்குட்டி பணிவோடு தலையாட்டுவார். வீட்டுக்குப் போய் எஃப்-5 வரைபடத்தை வாங்குவார்.

அந்தச் சுருளைப் பற்றி ஒரு செய்தி. வெளியிலிருந்து பார்த்தால் நாதம் அதற்குள்ளேதான் சுழன்று வருகிறது என்று தோன்றும். உள்ளே அது கெட்டி மரக்கட்டை. காற்று புகாது, அதிர்வுக்கும் அங்கே பெரிய வேலை கிடையாது. இது கத்துக்குட்டிக்கும் தெரியும். தெரிந்தேதான் தன் பலம் முழுவதையும் அங்கே கொட்டுகிறார். 2 மில்லிமீட்டர் கனமுள்ள மேப்பிள் பட்டையை நனைத்து, சூட்டிரும்பில் அழுத்தி, அந்தச் சின்ன வளைவைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். வரிவரியாக நெளியும் மேப்பிள்தான் அழகு என்று அதையே வாங்கியிருப்பார். அந்த வரியிலேயேதான் மரம் முறியும். முறிந்ததும் இன்னொரு பட்டை. அது முடிந்தால் சுருளின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கரை பதிக்கும் வேலை. அதில் ஒரு மாதம் போகும்.

இனி, சுருதியை உண்மையாக நிர்ணயிக்கும் பகுதிக்கு வருவோம். தந்தியின் நீளம் ஏறத்தாழ 352 மில்லிமீட்டர். அதை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் 19.8 மில்லிமீட்டரில் விழும். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு நீளத்தைச் சரிபாதியாக வெட்டும். இங்கே அரை மில்லிமீட்டர் பிசகினால், பிறகு எந்த வித்வான் வந்தாலும் அபஸ்வரம்தான். இவ்வளவு முக்கியமான விரற்பலகையைக் கத்துக்குட்டி என்ன செய்கிறார்? மெட்டுக்கான வெட்டுகள் போட்டதாகவே கடையில் வாங்குகிறார். தந்திகளைத் தாங்கும் குதிரையையும் வாங்குகிறார். அதைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, தந்திகளின் அழுத்தத்திலேயே நிற்கும். மெல்ல நகர்த்திச் சரியான இடம் தேட வேண்டும். அந்தத் தேடலுக்கு அவர் ஒதுக்குவது சாப்பிடக் கூப்பிடும்வரை உள்ள நேரம். ஒலியைத் தீர்மானிப்பவை கடைச்சரக்கு, ஒலிக்கு உதவாதது கைவேலை. பிரித்துப் பார்த்தால் வேலைப் பங்கீடு இதுதான்.

மேற்பலகையை அவரே செதுக்குகிறாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செதுக்கிய பலகைகளோடு வரும் கிட்டை வாங்காமல், கெட்டிப் பலகையை உளியால் குடைந்து நடுவில் உப்பலாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் கொண்டுவருகிறவருக்கு என் மரியாதை உண்டு. அது ஒலிக்கான உழைப்பு. ஆனால் அங்கேயும் அவர் நடத்தையைக் கவனியுங்கள். பலகையை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து, விரல்கணுவால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். கைதேர்ந்தவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். அவர்கள் காதில் நூறு பலகைகளின் ஞாபகம் இருக்கிறது. இவர் காதில் கதவு தட்டும் ஞாபகம்தான் இருக்கிறது. எட்டுத் தந்திகளையும் முறுக்கினால் மொத்த இழுவை 80 கிலோவை ஒட்டிவிடும் என்று படித்தது நினைவுக்கு வர, பயத்தில் பலகையைக் கொஞ்சம் தடிப்பாகவே விட்டுவிடுவார். தட்டிக் கேட்டது யாராவது பார்க்க நேர்ந்தால் இருக்கட்டும் என்றுதான்.

அவருடைய பெரிய அஸ்திரம் பில் மன்ரோ. புளூகிராஸ் இசையின் தந்தை என்று கொண்டாடப்படும் மன்ரோ வாசித்தது எஃப்-5 தானே? ஆமாம். 1923 ஜூலை 9 என்று லோரின் கையொப்பச் சீட்டில் தேதியிட்ட அந்த மாண்டலினை 1940களில் மயாமியின் ஒரு முடிதிருத்தகத்தில் 150 டாலருக்கு வாங்கினார். ஆனால் அந்த அழகை அவர் எப்படி நடத்தினார்? பழுதுபார்க்கக் கிப்சனுக்கே அனுப்பியதில், கேட்டதெல்லாம் செய்து வரவில்லை என்ற கோபத்தில் தலைப்பகுதியிலிருந்த கம்பெனிப் பெயரைத் தோண்டி எடுத்தார். மேற்பூச்சையும் சுரண்டினார். தலையில் இருந்த சுருள் வேறு உடைந்துபோயிருந்தது. அந்தக் கோலத்தில் பல ஆண்டுகள் வாசித்தார். கேட்டவர் யாரும் குறை சொல்லவில்லை. அதே 1923இல் லோர் கையொப்பமிட்ட ஒரு ஏ-5 மாண்டலினும் உண்டு. சுருளில்லாத அதையும் நிபுணர்கள் தலையில் வைத்துத்தான் கொண்டாடுகிறார்கள்.

தமிழ் வாசகர் இதைவிட நல்ல ஆட்சேபத்தை எழுப்புவார். தஞ்சாவூர் வீணையில் யாளி முகம் இருக்கிறதே, அது எந்த ஸ்வரத்தைப் பாடுகிறது? ஒன்றையும் இல்லை. வாத்தியம் கண்ணுக்கும் விருந்தாக இருக்கட்டும் என்பதில் எனக்குச் சண்டையே கிடையாது. ஆனால் வீணை செய்வது, பலாமரத்தில் குடம் குடைந்து, மெழுகில் இருபத்துநான்கு மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டுப் பதித்து மேளம் கட்டும் தொழில். யாளி அதன் ஓர் அலங்காரம். நம் கத்துக்குட்டி யாளியில் தொடங்குகிறார். குடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மேளம் கடையில் கிடைக்கும்.

அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், யாருக்கும் இல்லை. ஓய்வுபெற்ற மனிதர் டிவி முன்னால் கிடக்காமல் மரத்தூளில் நிற்கிறார். உடம்புக்கு நல்லது, வீட்டுக்கும் நிம்மதி. வார்னிஷ் காய்ந்த மாண்டலின் கூடத்துச் சுவரில் ஏறும். வருகிறவர்கள் பார்ப்பார்கள், சுருளை விரலால் தடவுவார்கள், "கையாலேயா செய்தீர்கள்!" என்பார்கள். வாசித்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. யாராவது கேட்டு, சத்தம் கொஞ்சம் அடைத்தாற்போல வருகிறதே என்று சொல்லிவிட்டால் அதற்கும் பதில் தயார்: புது மரம், வாசிக்க வாசிக்கத் திறக்கும். கைதேர்ந்தவர்களும் இதைச் சொல்வது உண்டு. வாசிக்கத்தான் அவருக்கு நேரமில்லை. முதல் மாண்டலினின் சுருள் இடப்பக்கம் இம்மியளவு தடித்துவிட்டது என்பதால் கராஜில் இரண்டாவதைத் தொடங்கிவிட்டார். அதுவும் எஃப் தான்.