நாற்பது மில்லிமீட்டர் தாழ்ச்சியும் திருநகர் வேகத்தடையும்: ஓர் ஆய்வு

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் சாலையில் திருப்பரங்குன்றத்தைத் தாண்டியதும் வரும் திருநகருக்கு, உலக மோட்டார் இயலில் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. வேகமான கார்களைச் சோதித்துப் பார்க்க ஜெர்மனிக்காரர்கள் நூர்பர்க்ரிங் தடத்துக்குப் போகிறார்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளம், எழுபதுக்கு மேல் வளைவு. இருக்கட்டும். அந்தத் தடத்தில் மினிபஸ் நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றுமா? குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மண்போட்டு மூடிவிட்டு, மீதியை மழை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுப் போவார்களா? சோதனை என்றால் அதுவல்லவா சோதனை.

இவ்வாய்வு எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: மூன்றாவது ஸ்டாப் பக்கம் குடியிருக்கும் ஓர் இளைஞரிடம் 2018இல் வந்த மாடல் ஸ்விஃப்ட் ஒன்றும், வீட்டுக்குத் தெரியாமல் சேர்த்த ஒரு லட்சம் ரூபாயும் இருந்தால், அவர் முதலில் எதை மாற்ற வேண்டும்? எஞ்சினையா, ஸ்பிரிங்கையா, டயரையா, அல்லது மனதையா?

முன்னோர் கண்ட முடிவுகளை முதலில் சொல்லிவிடுவது ஆய்வு மரபு. திருப்பரங்குன்றத்தின் பங்குனித் தேர் மலையைச் சுற்றி வருகிறது. அதற்கு ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சக்கரத்தடியில் கொடுக்கும் முட்டுக்கட்டைதான். கட்டை போடுகிறவர்கள் தயாராக இல்லாமல் வடத்தைத் தொட யாரும் துணிவதில்லை. நிறுத்தும் ஏற்பாட்டைச் செய்துவிட்டுத்தான் வேகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்ற இந்த ஒழுங்கு, சாலையோரம் சைலன்சர் மாற்றிக்கொண்டிருப்பவர்களிடம் இன்னும் போய்ச் சேரவில்லை.

அடுத்தது மாட்டுவண்டிப் பந்தயம். பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பந்தயக்காரர்கள் வகை பிரித்திருப்பது, கார்ப் பந்தயத்தில் சிசி வைத்துப் பிரிப்பதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. அந்த வண்டியைப் பார்த்தால் ஒரு சட்டம், இரண்டு சக்கரம், உட்கார ஒரு பலகை, அவ்வளவுதான். வேண்டாத எடையை எல்லாம் கழித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் லோட்டஸ் கார்களைச் செய்த காலின் சாப்மன் எடையைக் குறைத்தே உலகப் புகழ் பெற்றார். நம் இளைஞரோ டிக்கியில் சப்ஊஃபர் பெட்டி ஏற்றியபின் பிக்கப் போதவில்லை என்று மெக்கானிக்கிடம் வருகிறார்.

மூன்றாவது முன்னோடி, 1911இல் தொடங்கிய டி.வி.எஸ். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் பஸ் வருவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்பார்கள். டயரைக் கிழிக்கும் லாட ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் பூட்டிய வண்டியை ரோட்டில் ஓடவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அந்த நிறுவனம் கரிவாயுக் கருவி செய்து வண்டிகளில் பொருத்தியது. கரிவாயுவில் ஓடினால் எஞ்சினின் பலம் கணிசமாகக் குறையும். ஆக, மதுரையின் பெயர் சொல்லும் ஒரு பெரிய எஞ்சின் மாற்றம், பலத்தைக் குறைத்து வண்டியை ஓடவைத்த மாற்றம். இந்தப் பாரம்பரியத்தைப் பழங்காநத்தம் பக்கம் டி.வி.எஸ். நகரைத் தினமும் கடந்து போகிறவர்கள்கூட நினைப்பதில்லை.

இனி சமகாலப் பள்ளிகளுக்கு வருவோம். எஞ்சின் பள்ளியினர் பானெட்டைத் திறந்து, கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, சிவப்பு நிறக் கோன் ஃபில்டர் ஒன்றைச் செருகுவார்கள். சத்தம் உடனே கூடும். சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக மனதுக்குத் தோன்றும். ஆனால் கம்பெனி வைத்த பெட்டி வெளிக்காற்றை இழுக்கிறது. திறந்த ஃபில்டரோ எஞ்சினுக்குப் பக்கத்தில் வெந்த காற்றை இழுக்கிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரி இருக்கும் காற்று பானெட்டுக்குள் 70 டிகிரி ஆனால், அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறையும். காசு கொடுத்துக் குதிரைச் சக்தியைக் கழற்றிவிடும் இந்த ஏற்பாடு மதுரை வெயிலுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. எஞ்சினின் கணினி நிரலை மாற்றும் ரீமேப், டர்போ எஞ்சினில் பலன் தரும். சாதாரண எஞ்சினில் கிடைப்பது சொற்பம். கிடைத்தாலும், அதிவேகத்தில் காற்றைக் கிழிக்கத் தேவையான பலம் வேகத்தின் மும்மடியாக ஏறுவதால், உச்ச வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட முப்பத்துமூன்று சதவீதம் கூடுதல் பலம் வேண்டும்.

அடுத்தது தாழ்ச்சிப் பள்ளி. ‘வண்டி தரையோடு தரையாக இருக்க வேண்டும்’ என்பது இவர்கள் கொள்கை. பணம் இருப்பவர் தாழ்ச்சிக்கென்றே செய்த ஸ்பிரிங் வாங்குவார். இல்லாதவர் பட்டறைக்கு வருவார். கம்ப்ரஸர் போட்டு இறுக்கிய ஸ்பிரிங் பெஞ்சில் கிடக்கிறது, மெக்கானிக் கையில் கிரைண்டர்.

“அண்ணே, ஒரு சுத்து வெட்டிவிட்ருங்க.”

“வெட்டலாம் தம்பி. அப்புறம் அம்மாவ இதுல ஏத்தாத.”

அந்த மெக்கானிக் இயற்பியல் படித்தவரல்ல. ஆனால் சொன்னது இயற்பியல். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் விறைப்பு இருபது சதவீதம் கூடும். உயரமும் குறையும், குலுக்கலும் கூடும். கம்பெனி ஷாக் அப்சார்பரோ பழைய விறைப்புக்கு அளவெடுத்தது. வெட்டிய ஸ்பிரிங்கை அதனால் அடக்க முடியாமல் சில மாதத்தில் ஆயில் கசியவிடும்.

இவ்வாய்வின் மையப் பரிசோதனை இங்கேதான் வருகிறது. அந்த ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். நாற்பது தாழ்த்தினால் 123. நான்கு பேர் ஏறினால் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கும். மிஞ்சுவது சுமார் 95. இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படி வேகத்தடையின் உயரம் 100 மில்லிமீட்டர். எனவே கார் அடிபடும் என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. அதே விதி வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. 17 மீட்டர் ஆரம் கொண்ட மென்மையான வளைவு. ஸ்விஃப்டின் முன்பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 2.45 மீட்டர். ஆகவே காரின் நடுவயிறு உச்சிக்கு மேலே நிற்கும்போது நான்கு சக்கரங்களும் தடையின் மீதே, சுமார் 56 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். வயிற்றுக்குத் தேவைப்படும் இடைவெளி 44 மில்லிமீட்டர்தான். தாழ்த்திய காரும் தாராளமாகப் போய்விடும்.

தெருவில் நடப்பது வேறு. மிஞ்சிய தாரை முழங்கை அகலத்துக்குக் கொட்டி, ஒருமுறை ரோலர் ஓட்டி, இதுதான் வேகத்தடை என்கிறார்கள். முன்சக்கரம் இறங்கிவிடும், பின்சக்கரம் ஏறியிருக்காது, நடுவில் முழுப் பத்து சென்டிமீட்டரும் வயிற்றை நோக்கி நிற்கும். 95க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ‘கர்ரக்’. ஆக, கோளாறு உயரத்தில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. இந்தக் கண்டுபிடிப்பை மாநகராட்சியின் மேலான கவனத்துக்கு இவ்வாய்வு பணிவுடன் சமர்ப்பிக்கிறது.

அடுத்து நேரக் கணக்கு. இரண்டு வேகத்தடைகளுக்கு நடுவே 150 மீட்டர் என்றும், பிள்ளைகள் விளையாடும் தெருவில் 40 கிலோமீட்டருக்கு மேல் யாரும் போகமாட்டார்கள் என்றும் (ஆய்வுக்காகவாவது) வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 கிலோமீட்டரில் தடையைத் தாண்டி, 40க்கு ஏறி, மறுபடி 10க்கு இறங்கச் சுமார் பதினைந்தரை விநாடி ஆகும். எஞ்சினைத் திருத்தி, வேகமெடுக்கும் திறனை முப்பது சதவீதம் கூட்டினால் மிச்சமாவது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சினைத் தொடாமல், நல்ல ஷாக் அப்சார்பரும் தேயாத ரப்பர் புஷ்ஷும் போட்டு, தடையை 20இல் தாண்ட முடிந்தால் மிச்சம் ஒரு விநாடிக்கு மேல். திருநகரில் வேகமான கார் என்பது அதிகம் வேகமெடுக்கும் கார் அல்ல. குறைவாக வேகம் குறைக்கும் கார். இவ்வாய்வு நிறுவ வந்தது இதைத்தான்.

அப்படியானால் எவ்வளவு விறைப்பு? ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த காருக்கு ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. வீட்டுக் கார்கள் விநாடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை முறை ஆடும்படி செய்யப்படுகின்றன. பந்தயக் கார்களில் இது இரண்டு, மூன்று என்று ஏறும். மனித உடம்பு மேலும் கீழுமான ஆட்டத்தில் மிக அதிகம் வருந்துவது விநாடிக்கு நான்கு முதல் எட்டு வரை. ஸ்பிரிங்கை விறைப்பாக்க விறைப்பாக்க, ரோட்டின் அதிர்ச்சி அந்தப் பகுதியை நோக்கி வடிகட்டாமல் வரும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர், பின்ஸ்பிரிங் முன்ஸ்பிரிங்கைவிடச் சற்று வேகமாக ஆட வேண்டும் என்று கண்டார். மேட்டை முதலில் முன்சக்கரம் சந்திக்கிறது. பின்பக்கம் பிந்தித் தொடங்கினாலும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டால் வண்டி குதிரையாட்டம் போடாது. முன்னால் மட்டும் ஸ்பிரிங் வெட்டுகிறவர்கள் ஆலியின் உழைப்பை ஒரே கிரைண்டரில் வீணாக்குகிறார்கள்.

பிரான்சில் சிட்ரோயன் நிறுவனம் 2சிவி காருக்கு வைத்த நிபந்தனை புகழ்பெற்றது: உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டினாலும் முட்டை உடையக் கூடாது. 1948இல் வெளிவந்த அந்தக் கார் 375 சிசி எஞ்சினில் ஊர்ந்தது, ஆனால் முட்டை பிழைத்தது. திருநகருக்கு ஏற்றவாறு இச்சோதனையை இப்படி மாற்றலாம்: முக்கால் பங்கு சாம்பார் நிறைந்த தூக்குவாளி, பின்சீட்டில் மாமியார் மடியில், ஹார்விபட்டியிலிருந்து பசுமலை வரை. சிந்தியதை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. முடிவை அவரே அறிவிப்பார்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. கம்பெனி போட்ட 185/65 ஆர்15க்கு விட்டத்தில் ஏறக்குறைய சமமானது 195/55 ஆர்16. மீட்டர் பொய் சொல்லாது, ஆனால் பக்கச் சுவர் 120 மில்லிமீட்டரிலிருந்து 107 ஆகக் குறையும். பள்ளத்தில் விழும்போது அந்த 13 மில்லிமீட்டரின் அருமை அலாய் வீலின் விளிம்புக்குத் தெரியும். 17 அங்குலத்துக்குப் போகிறவர்கள் பஞ்சர் கடைக்காரரின் செல்பேசி எண்ணையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. பிரேக் விஷயமும் அப்படித்தான்: நல்ல டயரில் 80 கிலோமீட்டரிலிருந்து நிற்க சுமார் 36 மீட்டர் என்றால், 120இலிருந்து 81 மீட்டர், கால் பெடலுக்குப் போகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமலே. கப்பலூர்ப் பக்கம் நான்குவழிச் சாலையில் ஏறியதும் எஞ்சினை மட்டும் நம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தப்படி, உரிமையாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. கம்பெனி அளவிலேயே நல்ல டயர், புதிய ஷாக் அப்சார்பர், புதிய புஷ், புதிய பிரேக் பேட் போடுவதை யாரும் தடுக்கவில்லை.

எனவே பரிந்துரை: முதலில் டயர், அடுத்து பிரேக், மூன்றாவது ஷாக் அப்சார்பரும் லோயர் ஆர்ம் புஷ்ஷும், கடைசியில் அலைன்மென்ட். லட்சத்தில் பாதிக்கு மேல் மிஞ்சும். அதன் பிறகும் ஸ்பிரிங்கை வெட்டியே தீர வேண்டும் என்று தோன்றினால், தாழ்த்திய நண்பர் ஒருவரின் காரில் பின்சீட்டில் ஏறி, சாப்பிட்ட கையோடு பெரியார் பஸ் நிலையம் வரை ஒருமுறை போய்வந்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.