சாமி மலையேறும் நேரம்: ரூட் ஷெல் குறித்து ஓர் ஆய்வு

கணினியின் கருந்திரையில் ஒருவர் இன்னொருவராக, அதுவும் சர்வ வல்லமை கொண்ட நிர்வாகியாக மாறிக் கட்டளையிடுவதை இதுவரை பாதுகாப்புத் துறையினரே ஆராய்ந்துவந்திருக்கிறார்கள். அது சமயவியலுக்கு உரியது என்பது இக்கட்டுரையின் துணிபு. யுனிக்ஸ் குடும்பக் கணினிகளில் பயனர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. 0 என்ற எண்ணுக்கு உரியவர் ரூட். பிறர் கோப்புக்குப் போட்ட பூட்டு எதுவும் அவரைத் தடுக்காது. அவரை மூலவர் எனக் கொள்க. சாதாரணப் பயனர் மூலவராவதற்கு எஸ்யூ, சூடோ என இரு கட்டளைகள் உண்டு. முன்னது கூடுவிட்டுக் கூடு பாய்தல், பின்னது சாமியாட்டம். கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் நிரலுக்குப் பெயர் ஷெல்; அச்சொல்லுக்கே கூடு என்றுதான் பொருள் என்பதால் இதை உவமை என்று ஒதுக்க வழியில்லை. இவ்விரண்டில் சாமியாட்டமே சிறந்தது. காரணம், அதில் சாமி மலையேறும்.

முதலில் எஸ்யூ. 1971இல் வந்த யுனிக்ஸ் முதல் பதிப்பிலேயே இது இருக்கிறது. யாருடைய கூட்டுக்குள் புகவேண்டுமோ அவருடைய கடவுச்சொல்லை இது கேட்கும். மூலவருடையதைச் சொன்னதும் கட்டளை வரியின் தொடக்கத்தில் டாலர் குறி மறைந்து ஹேஷ் குறி தோன்றும். வெளியேறும்வரை நீங்கள் அவரே. இத்துறையின் மூத்த முன்னோடி திருமூலர். மாடு மேய்த்த மூலன் இறந்து கிடக்க, கதறிய பசுக்களுக்கு இரங்கி அவன் உடலுக்குள் புகுந்தார் என்கிறது பெரியபுராணம். மாலையில் பசுக்கள் வீடு திரும்ப, பின்னே வந்த அவர் மூலனின் மனைவி அழைத்தும் வீட்டுக்குள் போகவில்லை. எஸ்யூ கட்டளையை இடைக்கோடு இல்லாமல் தட்டினால் ஆள் மாறுவார், நின்ற கோப்புறை மாறாது. இடைக்கோடு சேர்த்தால்தான் புதியவரின் வீட்டுக்கோப்புறைக்குள் போய் நிற்பார். திருமூலர் இடைக்கோடு இல்லாமல் பாய்ந்தவர் என்பது இதனால் பெறப்படும். ஆனால், அவர் திரும்பிப் போய்த் தேடியபோது பழைய உடல் அங்கே இல்லை. ரூட்டாக நுழைந்து, தேநீர் குடிக்கப் போய், வந்து அமர்ந்து, தாம் இன்னும் ரூட்டாக இருப்பதை மறந்து வேலையைத் தொடர்பவரின் நிலையும் அதுதான்.

இனி சூடோ. சூடம் என்ற சொல்லே இப்படித் திரிந்தது எனச் சொல்ல நா துடிக்கிறது. ஆயினும் அது சூப்பர்யூசர், டூ என்ற இரண்டின் கூட்டு. 1980 வாக்கில் பஃபலோவிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காகெஷால், கிளிஃப் ஸ்பென்சர் ஆகிய இருவர் இதை எழுதினார்கள். இது கேட்பது மூலவரின் கடவுச்சொல்லை அன்று, உங்களுடையதை. யார் மீது சாமி வரலாம் என்பதை ஊர் முன்பே முடிவுசெய்து சூடோயர்ஸ் என்ற கோப்பில் எழுதிவைத்திருக்கும். முதல் முறை அழைத்தால் பிறர் அந்தரங்கம், நிதானம், பொறுப்பு என மூன்று அறிவுரை சொல்லும் வழக்கமும் உண்டு. காப்புக் கட்டுதல் என்பது இதுவே. தவறான கடவுச்சொல் தந்தால் ஏசுவதற்கும் ஓர் அமைப்பு உண்டு. சாமியின் வாய் அப்படி. ‘வந்திருக்கிறது யாரு?’ என்று பூசாரி கேட்பாரே, அக்கேள்விக்கு ஹூஅம்ஐ என்றொரு கட்டளையே இருக்கிறது. தனியே தட்டினால் உங்கள் பெயர் வரும். முன்னே சூடோ சேர்த்தால் ரூட் என்று வரும். மறுபடி தனியே தட்டினால் மீண்டும் உங்கள் பெயர். ஒரு கட்டளைக்கு ஓர் அருள். அடுத்த அழைப்புக்குக் கடவுச்சொல் கேட்காத சலுகையும் இயல்பாக 5 நிமிடம்தான், உபுண்டு லினக்ஸில் 15. அதற்குமுன் மலையேற்ற ‘சூடோ -கே’ போதும். ஆடியவர் யார், எந்தத் திரையில், எந்தக் கோப்புறையில் நின்று, என்ன கட்டளையிட்டார் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறிவிடும்.

ஆள் மாறுவதும் அருள் வருவதும் ஒன்றே என்பார் உளர். அவர்களுக்கு விண்டோஸ் விடையளிக்கிறது. விண்டோஸ் 2000 முதல் அங்கே, வேறொருவர் பெயரில் நிரலை இயக்கும் ரன்ஆஸ் கட்டளை உண்டு. விஸ்டா பதிப்பிலிருந்து, நிர்வாகிகளில் ஒருவர் பெயரில் அதன்வழிக் கருந்திரையைத் திறந்தால், பெயர் அவருடையதாக இருக்கும், அதிகாரம் இருக்காது. இயல்பமைப்பில் உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு மட்டுமே விலக்கு. மற்றவர்கள் தனியே அனுமதி கேட்டு, சாளரத்தின் தலைப்பில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற சொல் வந்தால்தான் அருள் இறங்கியதாகப் பொருள். கூடு வேறு, சாமி வேறு.

‘சூடோ -ஐ’ என்று தட்டி நாள் முழுக்க ரூட்டாகவே இருக்கலாமே, அப்போது வேறுபாடு எங்கே என்பது அடுத்த தடை. இத்தடை வலுவானது. அப்படிச் செய்தால், இயல்பமைப்பில், சாமி வந்தது மட்டும் பதிவாகும்; வந்த சாமி என்ன செய்தது என்பது பதிவாகாது. ஆனால் இது சாமியாட்டத்தின் குறையன்று, மலையேற மறுத்த ஆட்டக்காரரின் குறை. 2019இல் சூடோவில் ஒரு பிழை வெளிப்பட்டதே என்பாரும் உண்டு: எந்தச் சாமியும் வரலாம், மூலவர் மட்டும் கூடாது என்று விதித்திருந்த இடத்தில், -1 என்ற எண்ணுடைய பயனரை அழைத்தால் மூலவரே வந்து நின்றார். உண்மைதான். அதைத் திருத்திப் புதிய பதிப்பும் வந்துவிட்டது. கோயிலில் ஓட்டை என்றால் கூரையை மாற்றவேண்டும், கொடையை நிறுத்தக்கூடாது.

ஆகவே முடிபு இது: அதிகாரத்தின் ஆபத்து அதன் அளவில் இல்லை, அது தங்கும் நேரத்தில் இருக்கிறது. அழிக்கும் கட்டளையில் கோப்புறையின் பெயருக்கும் நட்சத்திரக் குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்தால், நின்ற இடத்திலுள்ள கோப்புகளும் போகும். டாலர் குறியில் நின்றவருக்குப் போவது தம்முடையவை. ஹேஷ் குறியில் நின்றவருக்குப் போவது ஊருடையவை. வேலை முடிந்ததும் எக்ஸிட் என்று தட்டுங்கள். சூடம் அணைந்தபின் ஆடுவதற்கு ஊரில் மரியாதை இல்லை.