நடை, தினமும் அரை மணி

மாத்தளையில் ஒரு டொக்டரின் கெட்டித்தனத்தை அளக்க எங்களிடம் ஒரே முறைதான் உண்டு: எத்தனை நிறத்தில் குளிசை தருகிறார்? வெள்ளை மட்டும் என்றால் சுமாரானவர். மஞ்சளும் சிவப்பும் கலந்து தந்து, ஊசியும் போட்டால் கைராசிக்காரர். எங்கள் குடும்ப டொக்டரோ என் சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, துண்டில் ‘நடை, தினமும் அரை மணி’ என்று எழுதி நீட்டினார். காசை மட்டும் வழக்கம்போல் வாங்கிக்கொண்டார்.

“குளிசை?” என்றேன்.

“எழுதியிருக்கிறேனே” என்றவர், வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதை விளக்கினார். லண்டன் கதையும் வந்தது. மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கொண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் 1953இல் எழுதினாராம். நம்பினேன். எங்கள் கண்டி பஸ் கொண்டக்டர் காற்றுக்கூட நுழையாத இடத்தில் “பின்னுக்குப் போங்க” என்று கத்திக்கொண்டே முன்னும் பின்னும் போய் வருகிறார். மொரிஸ் அதைப் பார்த்திருந்தால், கண்டி வரை ஒற்றைக் காலில் நிற்கும் எங்களையும் ஆய்வில் சேர்த்திருப்பார்.

சரி, நடப்போம் என்று புறப்பட்டால் ஊர் விட்டால்தானே! ஏ9 வீதியோரம், தம்புள்ளை மரக்கறி லொறிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். ஓர் ஓட்டோ நின்றது.

“எங்க அண்ணே?”

“எங்கயும் இல்ல.”

நம்பாமல் கூடவே உருட்டிக்கொண்டு வந்தான். அடுத்து மச்சான், மோட்டார் சைக்கிளில்.

“பைக் பழுதா? ஏறுங்க.”

“டொக்டர் நடக்கச் சொன்னாரு.”

“சந்தி வரைக்கும் ஏறுங்க, பொறகு நடங்க.”

மறுத்ததில் அவருக்குக் கோபம். நான் அலுவிகாரையை எட்டுவதற்குள், எனக்கும் வீட்டுக்காரிக்கும் சண்டையாம் என்ற செய்தி வீட்டுக்காரியையே எட்டிவிட்டது.

நடப்பவன் கதியற்றவன் என்ற எண்ணம் எங்களுக்குச் சும்மா வரவில்லை. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அதற்கு முன், கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த நடைக்குச் சீட்டு எழுதியவர் கங்காணி. அப்படி வந்த பரம்பரையில் ஒருவன் நாற்காலியில் உட்காரவே தலைமுறைகள் ஆயின. உட்கார்ந்த கையோடு எழும்பச் சொல்கிறார் டொக்டர்!

என் கதை கிடக்கட்டும். எல்கடுவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் சின்னம்மாவுக்கும் சுகர். அதே டொக்டரிடம் கூட்டிப்போனேன். அதே துண்டு கிடைத்தது. நான் வாசித்துக் காட்டியதும் சின்னம்மா பணிவாகக் கேட்டார்:

“கொழுந்துக் கூடையோடயா ஐயா, சும்மாவா?”

காலைப் பெரட்டிலிருந்து மாலை நிறுவை வரை மலையில் ஏறி இறங்குகிறவர் அவர். டொக்டர் நல்ல மனுஷன். துண்டைத் திரும்ப வாங்கி, ‘ஓய்வு, தினமும் அரை மணி’ என்று திருத்திக் கொடுத்தார்.

என் மருந்து வீதியில் இலவசமாகக் கிடைக்கிறது. சோம்பல் மட்டும்தான் தடை. சின்னம்மாவின் மருந்தைத் தோட்ட ஒபீசில்தான் எடுக்க வேண்டும். அங்கே அது என்றைக்கும் ஸ்டொக் இல்லை.