பாரம்பரியத்துக்கு என்ன விலை?

சிங்கப்பூர் உணவங்காடிக் கலாசாரத்தை 2020இல் யுனெஸ்கோ மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எல்லாருக்கும் பெருமைதான், கோழிச் சோறு 50 காசு ஏறும்வரை. ஏறிய மறுகணமே பாரம்பரியம் பகற்கொள்ளையாகிவிடும். கடைத்தொகுதியில் 7 வெள்ளிக் காப்பிக்கு அதே வாய் முணுமுணுப்பதில்லை. அங்கேதான் குளிர்சாதனம் இருக்கிறதே! ஏழைகள் எங்கே போய்ச் சாப்பிடுவார்கள் என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கேட்பவர் பெரும்பாலும் டிஷ்யூ பொட்டலத்தைப் போட்டு மேசை பிடித்துவிட்டு, வரிசையில் நின்றபடி கைப்பேசியில் ஜப்பானுக்கு விமானச்சீட்டு தேடுபவர். விடியுமுன் எழுந்து கோழி அவிக்கும் அறுபது வயதுக்காரருக்கோ வாடகை, எரிவாயு, அரிசி எல்லாமே இன்றைய விலை. தட்டு மட்டும் அந்தக்கால விலையில் வரவேண்டுமாம். இல்லாதவருக்கு அரசு உதவித்தொகை கொடுக்கட்டும். அதைக் கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து எடுப்பது நியாயமே இல்லை.