பாரம் இறக்க ஒரு திண்ணை

வா தம்பி, சைக்கிள அந்த ரம்புத்தான் மரத்துல சாய்ச்சிட்டு உக்காரு. பசியாறிட்டியா? சுங்கை பட்டாணியில விடியக் கிளம்பி இப்பதான் செமிலிங் வந்து சேந்திருக்க. இந்தக் கணக்குல போனா ஜெராய் உச்சிக்கு நீ தீபாவளிக்குப் போயிடலாம். எந்த வருஷத்துத் தீபாவளின்னு மட்டும் என்னைக் கேக்காத.

சீட்டுக்குப் பின்னால ஒரு பை, ஹேண்டலுக்கு ஒரு பை, நடுவுல முக்கோணமா ஒரு பை. எங்க பாட்டி நாகப்பட்டணத்துல கப்பலேறி பினாங்குல இறங்கினப்பக்கூட ஒரு டிரங்குப் பெட்டிதான் கொண்டாந்துச்சி. அதுலயும் பாதி கருவாடு.

என்ன சொன்ன? உன் டயருக்கு டியூப்பே கிடையாது, உள்ளாற பால் ஊத்தியிருக்கு, ஓட்டை விழுந்தா அதுவே அடைச்சிக்கும்? அடப்பாவி, அது பெரும்பாலும் ரப்பர் பால்தான்டா. நாப்பது வருஷம் விடியக்காலையில தலையில விளக்கக் கட்டிக்கிட்டு நாங்க வெட்டின சரக்கு. அம்மோனியா விடலேன்னா வாளியிலயே கட்டியாயிடும். உன் டயர்ல ஊத்தி எத்தனை மாசமாச்சி? எட்டு மாசமா? அப்ப அது பாலில்ல, ஒட்டுப்பாலு. எடைபோட்டு விக்கத்தான் ஆகும்.

சரி, பாலு காஞ்சிபோச்சின்னு டியூப்ப மாட்டின. அது ஏன் அரை மைல்ல போச்சி? டயரக் கொண்டா. இந்தா பாரு, செம்பனை மட்டை முள்ளு. குலை வெட்டுறவங்க மட்டையையும் வெட்டி வரிசைக்கு நடுவுல அடுக்கிட்டுப் போவாங்க. காஞ்சா ஊசிதான். குத்தினா நுனி ஒடிஞ்சி டயருக்குள்ளயே குடியிருக்கும். நீ புது டியூப்ப வாங்கி அது மேல படுக்க வெச்சிருக்க. உள்பக்கம் ஒரு பழந்துணிய விட்டுத் தடவு; முள்ளு துணியப் புடிச்சிக்கும். விரல விட்டுத் தடவினா உன்னையே புடிச்சிக்கும்.

டயரே இல்லாமப் போனவனும் இந்தப் பக்கம் உண்டு. 1941 டிசம்பர் எட்டாந்தேதி ஜப்பான்காரன் கரையேறினான். ஒரு வாரத்துல ஜித்ரா விழுந்துச்சி, அப்புறம் நம்ம மலைக்கு அந்தாண்ட இருக்கிற குருண். பட்டாளத்துல நிறையப் பேரு சைக்கிள்லதான் வந்தானுங்க. வெயில்ல டயர் வெடிக்க வெடிக்க, கழட்டி வீசிட்டு வெறும் ரிம்முலயே மிதிச்சானுங்க. அந்தக் கடகட சத்தத்த ராத்திரியில கேட்ட வெள்ளைக்காரப் பட்டாளம் டாங்கி வருதுன்னு நெனச்சிச்சாம். 1942 பிப்ரவரி பதினஞ்சுல சிங்கப்பூரு போச்சி. சுத்திலும் பால்மரக் காடு, நடுவுல ரப்பரில்லாத சைக்கிளு! ஆனா ஒண்ணு கவனி. அவனுங்க வண்டிய ரிப்பேர் பண்ண ஆளக் கூடவே வெச்சிருந்தானுங்க. இங்க ஏற்கெனவே ஜப்பான் சைக்கிள் நிறைய வித்திருந்ததால, போற வழியெல்லாம் சாமானும் கிடைச்சிச்சி. உன் சக்கரத்துக்கு ஒரு கம்பி வேணும்னா பெடோங் கடைக்காரன் இத்தாலிக்குல்ல லெட்டர் போடணும்?

வழியா? அந்தப் போன உள்ள வை. அதுல தெரியிற கோடு தோட்டத்துக்குள்ளாறப் போறது மெய்தான். செம்பனைய இருபத்தஞ்சு வருஷம் போலக் காய்க்க விட்டு, அப்புறம் மொத்தமாச் சாய்ச்சி மறுநடவு பண்ணுவாங்க. பாதையும் சேந்து எடம் மாறும். கோட்ட நம்பிப் போனா ஒண்ணு கேட்டுக் கதவு, இல்லேன்னா பெரிய வாய்க்கா. எந்த வரிசையப் பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கும். போன மாசம் இங்கயே பொறந்த மாடு ஒண்ணு வழிதவறிடுச்சி.

நிமிந்து பாரு. ஜெராய் மலை, 1,217 மீட்டர், அந்தா நிக்கிது. வங்கக்கடலத் தாண்டி வந்த கப்பக்காரனுக்கு, அந்தக் காலத்துல கடாரம்னு சொன்ன நம்ம கெடா கிட்ட வந்துட்டதக் காட்டினதே அந்த மலைதான். 1025-ல ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் படைய அனுப்பினப்ப, ‘எண்பது மீட்டரில் வலப்பக்கம் திரும்பவும்’னு ஒரு பொம்பளக் குரலு சொல்லவா செஞ்சிச்சி? செமிலிங்ல நின்னா மலை வடக்க, மெர்போக் ஆறு தெக்க. மலை முதுகுக்குப் பின்னால வந்துட்டா நீ திரும்பி வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கன்னு அர்த்தம். மத்தியானம் மேகம் மலைய மூடினா மழை கிட்ட வந்தாச்சி. செம்மண்ணு சக்கரத்துல அப்பிக்கும், அப்புறம் சைக்கிள் உன் மேல ஏறிக்கிட்டு வரும்.

ஆளுங்ககிட்டயும் கேளு, ஒருத்தர்கிட்ட மட்டும் கேக்காத. என்னைக் கேட்டா என் மச்சானோட சாப்பாட்டுக் கடை வழியாத்தான் அனுப்புவேன். அவரக் கேட்டா என் வீட்டுக்கே திருப்பி அனுப்புவாரு.

இப்ப பையத் திற. இந்த அடுப்பு எதுக்கு? பத்து நிமிஷத்துக்கு ஒரு தே தாரேக் கடை இருக்கு, திண்ணையில வை. மடிக்கிற நாற்காலியா? மலை ஏறப்போறவன் உக்காரலாமா? அதையும் வை. ரெண்டு தலைவிளக்கு எதுக்கு, உனக்கென்ன ரெண்டு தலையா? என் ஆடு ராத்திரியில காணாமப் போவுது, ஒண்ணு இருக்கட்டும். பம்பு, டியூப்பு, ஒட்டுற சாமான், தண்ணி, மழைச் சட்டை, இது மட்டும் உன்னோடது. தூக்கிப் பாரு, எம்புட்டு லேசா இருக்கு!

திரும்பி வர்றப்ப எல்லாத்தையும் வாங்கிக்க. வழி தெரியலேன்னா மச்சானக் கேளு.